சாட்சித் துண்டு

நவம்பர் 3

இலக்கிய ஆசையால் அன்று, சட்டத்தின் கட்டளையால் தொடங்கும் நாட்குறிப்பு இது. தன் வீட்டிலேயே ஓர் ஆகாய விமானத்தை நிர்மாணிக்கத் துணிகிறவன், அதன் பெரும்பகுதி வேலையைத் தன் கல்விக்காகவோ மனமகிழ்ச்சிக்காகவோ தானே செய்தான் என்பதை, கடைசியில் பரிசோதிக்க வரும் அதிகாரியிடம் ருசுப்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க தேசத்தின் விதி. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படுபவை புகைப்படங்களும் அன்றன்று எழுதி வைத்த குறிப்புகளுமே. ஆகவே, விஸ்கான்ஸின் மாகாணத்தில், வின்னபேகோ ஏரிக்குச் சிறிது தொலைவில் உள்ள எங்கள் வீட்டுக் கார் கொட்டகையிலிருந்து கார் வெளியேறி, நீண்ட மேஜையொன்று அங்கே குடிபுகுந்த இந்தத் தினத்திலிருந்து எழுதத் தொடங்குகிறேன்.

கட்டப் போவது பீட்டன்போல் ஏர் கேம்ப்பர். மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்போல் என்ற மெக்கானிக், தொழிலைத் தாமே கற்றுத் தேர்ந்தவர், 1920-களின் இறுதியில் இதை வகுத்தார். மரச்சட்டம், அதன்மேல் துணிப் போர்வை, தலைக்கு மேல் குடைபோல் விரிந்த ஒற்றை இறக்கை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், இவற்றை இழுத்துச் செல்ல ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 குதிரைச் சக்தி எஞ்சின். கார் எஞ்சினை நம்பி ஆகாயத்தில் பறப்பது ஆகாத காரியம் என்று அக்காலத்துப் பத்திரிகாசிரியர் வெஸ்டன் ஃபார்மர் எழுதியபோது, அவருடன் காகிதத்தில் வாதாடிக்கொண்டிராமல், பீட்டன்போல் தம் விமானத்திலேயே பறந்து சென்று அவர் கண்முன் இறங்கிக் காட்டினார். அதன் பலனாக, 1932-ஆம் ஆண்டு 'ஃப்ளையிங் அண்ட் கிளைடர் மானுவல்' என்ற வெளியீட்டில் இதன் வரைபடங்கள் அச்சாகி, சாதாரண மனிதனின் கைக்கு எட்டின. ஆகாயம் சீமான்களுக்கும் சைன்யங்களுக்கும் மட்டுமே உரியதன்று என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்ன விமானம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 19

இன்று மரம் வந்து சேர்ந்தது. ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்ற இந்த ஊசியிலை மரம் அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரையில் பசிபிக் கரையோரத்தில் வளர்வது. எடை குறைவு, பலம் அதிகம், நார் நேர்த்தி என்ற மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்ததனால், முதல் உலக யுத்தத்தின்போது இதை வெட்டிக் கொண்டுவருவதற்கென்றே ஒரு ராணுவப் பிரிவை ஏற்படுத்தி, ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வாஷிங்டன், ஓரிகன் மாகாணங்களின் காடுகளுக்கு அனுப்பினார்கள்.

மரம் நல்ல ஜாதியாயிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பலகையும் தனித்தனியே பரீக்ஷைக்கு உட்பட வேண்டும். வெட்டு முகத்தில் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது 6 ஆண்டு வளையங்கள் தென்பட வேண்டும். நாரின் சாய்வு 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்தை மீறலாகாது. பூதக்கண்ணாடியை வைத்து வளையங்களை எண்ணினேன். பிறகு பேனா மையில் ஒரு சொட்டைப் பலகையின் பக்கவாட்டில் விட்டேன். கண்ணுக்கு நேராகத் தோன்றிய பலகையில் அந்த மை நாரைப் பற்றிக்கொண்டு மெல்லக் கோணலாக ஓடியது. அதை ஒதுக்கி வைத்தேன். கொட்டகைக்கு அது அலமாரிப் பலகையாகும், இறக்கைக்கு ஆகாது.

டிசம்பர் 6

முதல் விலா உருவாயிற்று. இறக்கையின் குறுக்கே, முன்னிருந்து பின்னாக, அதற்கு வளைவைக் கொடுப்பவை இந்த விலாக்கள். ஏறக்குறைய முப்பது வேண்டும். விலாவின் முழு அளவுப் படத்தை ஒரு பலகையின்மேல் ஒட்டி, கோட்டின் இருபுறமும் சிறு கட்டைகளை அறைந்து, பசை பலகையில் பற்றாமலிருக்க மெழுகுத்தாளை விரித்துவிட்டால் அச்சுப் பலகை தயார். அதற்குள் அரை அங்குல அகலமும் கால் அங்குலக் கனமும் உள்ள மெல்லிய ரீப்பர்களை வளைத்துச் செருகி, அவை சந்திக்கும் மூலைகள்தோறும் தபால்தலை போன்ற ஒட்டுப்பலகைச் சில்லுகளைப் பசையிட்டு, பொடி ஆணிகளால் தைக்க வேண்டும். ஆணிகள் பசை இறுகும் வரையில் சில்லைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கே. பறக்கும்போது பாரத்தைத் தாங்குவது பசைதான். முன்பெல்லாம் பால்கட்டியிலிருந்து செய்த கேஸீன் பசையே வழக்கம். ஈரம் பட்டால் அது பலம் இழக்கும். இப்போது எபாக்ஸி. இரண்டு குப்பிகளிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்குகிறேன். அச்சு ஒன்றே ஒன்று. இரவு முழுவதும் பசை இறுக வேண்டும். ஆதலால் ஒரு நாளைக்கு ஒரு விலாவுக்கு மேல் இயலாது.

ஒவ்வொரு நாளும் பசை கலக்கும்போது, அதே மரத்தில் ஒரு துண்டையும் அதே ஒட்டுப்பலகையில் ஒரு சில்லையும் அதே பசையால் ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதி ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் போட்டு வைக்கிறேன். இதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 12

இன்றைய விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும்.

பதினேழு விலாக்கள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. சாட்சித் துண்டுகள் பதினேழும் பெட்டியில் கிடந்தனவே அன்றி, ஒன்றையேனும் நான் உடைத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். வேலை மேன்மேலும் வளர்வதைக் காணும் சந்தோஷம், சோதனையை ஒத்திப்போடும்படி என்னைத் தூண்டியது என்பதே உண்மை. இன்று காலை ஒவ்வொன்றாக வைஸில் இறுக்கி, உளியைச் சில்லின் கீழே கொடுத்து நெம்பினேன். முதல் பதின்மூன்றும் நன்றாக உடைந்தன. அதாவது, பசைக் கோட்டில் பிரியாமல், மரத்தின் நார் கிழிந்து, சில்லின் அடியில் வெள்ளைச் சிராய்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. மரத்தைவிட ஒட்டு பலமாயிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பதினான்காவது துண்டில் 'டிக்' என்ற மெல்லிய ஓசையுடன் சில்லு தனியே வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் கண்ணாடிபோல் சுத்தமாயிருந்தது. பசை முழுவதும் ரீப்பரின் மேலேயே தங்கிவிட்டது. பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்றும் அவ்விதமே.

பசையின்மேல் சந்தேகப்பட்டேன், குளிரின்மேல் சந்தேகப்பட்டேன். பிறகு மிச்சமிருந்த சில்லுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. ஒட்டுப்பலகையைச் செய்யும்போது சூடான தகடுகளுக்கிடையே வைத்து அழுத்துவதனால் அதன் மேற்பரப்பு மெருகேறி, மரத்தின் நுண்துளைகள் அடைபட்டுப் போகின்றன. ஒட்டுவதற்கு முன் உப்புத்தாளால் அந்த மெருகைத் தேய்த்து எடுப்பது அவசியம். முதலில் வெட்டிய சில்லுகளைத் தேய்த்திருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் இரவு, உறக்கக் கலக்கத்தில் இரண்டாம் தடவை வெட்டியவற்றைத் தேய்க்காமலே டப்பாவில் நிரப்பிவிட்டேன். அவற்றில் ஒன்றை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தேன். தாமரை இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நின்றது. அதே சில்லை ஆறேழு தரம் உப்புத்தாளில் இழுத்துவிட்டு மீண்டும் ஒரு சொட்டு வைத்தேன். உடனே பரவி உள்ளே இறங்கியது. மரத்தையும் பசையையும் பற்றி விமானத் தொழிலுக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்த வன மரப்பொருள் ஆராய்ச்சிக்கூடம் இதே மாகாணத்து மாடிஸன் நகரில் 1910 முதல் இருந்து வருகிறது. அதன் கைந்நூலில் விளக்கியிருக்கும் சோதனைதான் இது. புத்தகம் அலமாரியில்தான் இருந்தது.

மாலையில் மனைவி தேநீருடன் வந்தாள். மேஜைமேல் நான்கு விலாக்களும் தனியே கிடப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, நாலுமா? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது?"

"பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கையால் அழுத்தினாலும் தாங்குகிறது. ஆனால் மழையிலும் வெயிலிலும் எஞ்சினின் அதிர்விலும் எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

சிறிது நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. இந்த விமானத்தில் ஓட்டுகிறவனுக்குப் பின் இருக்கை; உடன் வருகிறவருக்கு முன் இருக்கை. "முன்னால் உட்காரப் போகிறவள் நான்தானே? நாலையும் உடைத்துப் போடுங்கள்" என்றாள்.

அவள் முன்னிலையிலேயே உடைத்தேன்.

ஜனவரி 14

மிச்சமிருந்த சில்லுகளைத் தேய்த்து, முந்தாநாள் இரவு ஒட்டிய ஆறு துண்டுகளை இன்று உடைத்தேன். ஆறும் மரத்திலேயே கிழிந்தன. காரணம் நிச்சயமாயிற்று. இனிமேல் முந்தைய நாளின் சாட்சித் துண்டை உடைத்துப் பார்க்காமல் அடுத்த விலாவுக்குப் பசை கலப்பதில்லை.

பிப்ரவரி 2

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953-இல் இதே விஸ்கான்ஸினில் பால் போபெரெஸ்னி ஸ்தாபித்த பரிசோதனை விமானச் சங்கம், அனுபவசாலிகளான தொண்டர்களை வீடுதேடி அனுப்பி வேலையைப் பார்வையிடச் செய்கிறது. ஊதியம் வாங்காமல், பனியில் நெடுந்தூரம் கார் ஓட்டிவந்து, அந்நியன் ஒருவனுடைய உயிருக்காகச் சிரத்தை எடுத்துக்கொள்ளும் இம்மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று வந்தவர் பல விமானங்களைக் கட்டிப் பறந்த முதியவர். சுவரில் தொங்கிய விலாக்களை அவர் முதலில் பார்க்கவில்லை. "உடைத்த துண்டுகள் எங்கே?" என்று கேட்டார். தகரப் பெட்டியைக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், 14 முதல் 17 வரையிலான நான்கையும் தனியே எடுத்து வைத்து, அந்த விலாக்கள் என்னவாயின என்று விசாரித்தார். அடுப்பில் எரிந்துவிட்டன என்றேன். அதற்குப் பிறகே சுவர்ப்பக்கம் போனார்.

ஏப்ரல் 20

இறக்கையின் நீளவாட்டில் ஓடி விலாக்களைத் தாங்கும் நெடுஞ்சட்டங்களில் எஃகுப் பட்டைகளைப் பொருத்திப் பார்க்கும் வேலை. இறக்கையைத் தாங்கும் முட்டுக்கம்பிகள் இந்தப் பட்டைகளில்தான் வந்து மாட்டப்படும். மரத்தில் துளையிடுவதற்கு முன் மூன்று தடவை அளந்தேன். துளை விளிம்பை நெருங்கிவிட்டால் சட்டம் முழுவதுமே வீண். ட்ரில் மறுபக்கம் வெளியேறும்போது நார் பிய்ந்துவிடாதபடி அடியில் வேறொரு பலகையை இறுக்கிவைத்து, சற்றும் சாயாமல் துளையிட்டு, உள்ளே ஈரம் இறங்காதபடி வார்னிஷ் பூசினேன். போல்ட்டுகளும் கடைத்தெருவில் கிடைப்பவை அல்ல. தலையில் குறுக்குக் குறி பொறித்த விமானப் போல்ட்டுகள். கூடிய மட்டும் தலை மேற்புறமாக இருக்கும்படி செருகுவது சம்பிரதாயம். என்றேனும் நட் கழன்று விழுந்தாலும், போல்ட் தன் பாரத்தாலேயே துளையில் நின்றுகொள்ளும். பெரிய வாஷர்களை வைத்து, மரம் நசுங்காத அளவுக்கே முடுக்கினேன். எல்லாம் பொருந்தின. விலாக்கள் ஏற வேண்டியிருப்பதால் மறுபடியும் கழற்றி, எண் கட்டி வைத்துவிட்டேன்.

மே 11

ஏரியில் பனி கரைந்து வெகுநாளாகிவிட்டது. கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிகிறது. கடைசி விலா நேற்று மாலை நெடுஞ்சட்டங்களில் ஏறியது. மனைவி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையிலிருந்து தள்ளி, அதன் இடத்தில் நிறுத்திப் பசையிட்டேன். இனி எஞ்சின் இருக்கிறது, துணி இருக்கிறது, இரண்டு வருஷத்து வேலை இருக்கிறது.

விமானம் கட்ட எண்ணியிருக்கும் அன்பர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு விண்ணப்பம்: பசை கலக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு துண்டை ஒட்டி வையுங்கள், மறுநாளே அதை உடைத்துப் பாருங்கள்.

நேற்றைய சாட்சித் துண்டு இன்று காலை மரத்திலேயே முறிந்தது. அதன் எண் 52.