பதினெட்டு வயசுக்கு மறுநாள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டுப் பொறுமையா படிங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயிலில் பத்து வருஷத்துக்கும் மேலாக அன்னதானத் தொண்டு செய்து வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி, கேஎல் சென்ட்ரல் சுற்றுவட்டாரத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கொடுப்பதும் எங்க குழுவோட வேலைதான். முன்னெல்லாம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வயசானவங்க. இப்போ மீசை சரியா முளைக்காத தம்பிங்களும் நடுவுல உட்கார்ந்திருக்காங்க. "வீடு எங்கப்பா?"ன்னு கேட்டா ஒருத்தன் கிள்ளான்னு சொல்வான், ஒருத்தன் காப்பார்னு சொல்வான். சில பேர் மட்டும் ஏதாவது ஒரு பிள்ளைகள் இல்லத்தோட பேரைச் சொல்வாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதான். ஆனா இப்போ அங்கேயும் அவங்களுக்கு இடமில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்னிக்குப் பேசணும்.

ஒரு தம்பிக்கு 19 வயசு. எட்டு வயசிலிருந்து ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். எஸ்.பி.எம். முடிச்சதும் கிள்ளான்ல ஒரு கார் கழுவுற கடையில் வேலை கிடைச்சது. தங்குறதுக்குக் கடைக்கு மேல ரூமும் முதலாளியே கொடுத்தார். எட்டு மாசம் ஓடுச்சு. ஒருநாள் வேலை போச்சு. வேலையோட ரூமும் போச்சு. அன்னிக்கு சாயங்காலமே கிள்ளான்ல கொமியூட்டர் ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினவன், அங்கேயே தங்கிட்டான். போதைப் பழக்கம் இல்லை, போலீஸ் கேஸ் இல்லை. "அம்மா வீட்டுக்கு ரெண்டு வாரம் போயிட்டு வரேன்"னு சொல்ல ஒரு வீடு இல்லை. அவன் கதை அவ்வளவுதான்.

நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வேலை போனா என்ன ஆகும்? வீட்டுக்கு வருவான், அம்மா திட்டிக்கிட்டே சோறு போடுவாங்க, மாமா யார்கிட்டயாவது சொல்லி இன்னொரு வேலை பார்த்துக் கொடுப்பார். இதை நாம் உதவின்னே நினைக்கிறதில்லை. இது இல்லாத பிள்ளையைப் பார்க்கும்போதுதான் இதோட மதிப்பு தெரியுது.

நம் நாட்டின் 2001 சிறார் சட்டப்படி 18 வயசுக்குக் கீழே உள்ளவர்கள்தான் சிறார். அந்த வயசு தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அவர் பெரியவர். நல்ல மனசு உள்ள இல்லங்கள் படிப்பு முடியும்வரை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கட்டில் குறைவு, காத்திருக்கும் சின்னப் பிள்ளைகள் அதிகம். இல்லத்தை நடத்துபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர்கள் தாங்குகிற பாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் தாங்குவதில்லை.

பூச்சோங் சாலை ஆறாவது மைலில் இருக்கும் சுத்த சமாஜம் நம்மில் பலருக்கும் தெரிந்த இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுவாமி சத்தியானந்தா தொடங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஜனங்களை சயாம் ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனதும், போனவர்களில் பாதிக்குப் பாதி திரும்பி வராத வீடுகள் இருந்ததும் நம் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டதுதானே. போர் அனாதையாக்கிய பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டியிருந்த காலம் அது. 1961-இல் சுவாமி மறைந்த பிறகு அன்னை மங்களம் அந்தப் பொறுப்பை ஏற்றார். 2023 ஜூன் மாதம் 97 வயதில் மறையும்வரை அவர் அதை விடவில்லை. இனம், மதம் பார்க்காமல் பிள்ளைகளை வளர்த்தார். அங்கே வளர்ந்தவர்கள் அவரை 'மதர்' என்றே அழைத்தார்கள்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஒரே ஆள், ஒரே இடத்தில். 1970-இல் அங்கிருந்து வெளியே போன பிள்ளை, தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பார்க்கிறதுக்கு மதர் இருந்தார். அந்தப் பெரிய மனுஷியை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அவர் போட்ட சோறு இல்லை, இந்த இருப்புதான்.

எல்லாராலும் இல்லம் நடத்த முடியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு "இருக்கிற" ஆளாக நம்மால் இருக்க முடியும்.

தீபாவளி வந்தால் இல்லங்களுக்கு நம்ம ஆளுங்க எவ்வளவு செய்றாங்கன்னு எனக்குத் தெரியும். புதுத்துணி, முறுக்கு, பிரியாணி. பிறந்தநாள்னா கேக். செய்ங்க, பிள்ளைங்க சந்தோஷப்படுறாங்க. அதோட இந்தக் கணக்கையும் கொஞ்சம் பாருங்க. ஒரு ரூம் வாடகை 500 வெள்ளின்னு வச்சுக்குவோம். ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச முன்வாடகை, கரண்டு தண்ணிக்கு அரை மாசம். மொத்தம் 1,750 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். அதுவும் ஒரு மாசம் வேலை செஞ்ச பிறகுதான் கைக்கு வரும். அதனாலதான் இந்தப் பிள்ளைங்க 'ரூம் கொடுக்குறோம்'னு சொல்ற வேலைக்குப் போறாங்க. ஒரே கதவு சாத்தினா ரெண்டும் போயிடுது.

இன்னொரு விஷயம் ஐசி. நான் சொன்ன தம்பிகிட்ட நீல ஐசி இருந்தது. அது இல்லாத பிள்ளைகளும் இல்லங்களில் இருக்கிறார்கள். ஐசி இல்லையென்றால் பேங்க் கணக்கு இல்லை, லைசென்ஸ் இல்லை, முறையான வேலை இல்லை.

இதில் கோயில்காரர்கள் நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. 1982 மார்ச் 1-லிருந்து திருமணத்தைப் பதிவு செய்தே ஆகணும்னு சட்டம். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், பதிவு இல்லை என்றால், பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகத்தான் சட்டம் பார்க்கும். இங்கேயே பிறந்து, அப்பா நீல ஐசி வைத்திருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. அப்பா அம்மா பிரிந்து பிள்ளை இல்லத்துக்கு வந்துவிட்டால், அப்புறம் பத்திரத்துக்கு யார் அலைவது?

குழந்தைகளுக்கான சிறப்புக் குடியுரிமை விண்ணப்பம் அரசியலமைப்பின் 15A பிரிவில் இருக்கிறது. அதற்கான வயது வரம்பு 21 ஆக இருந்தது. 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆகக் குறைக்கிறது. அதாவது இல்லத்தை விட்டுப் போகிற அதே வயசில் அந்தக் கதவும் மூடும். பன்னிரண்டு வயசில் ஐசி எடுக்கப் போகும்போது பிரச்சினை தெரிந்தால், கையில் ஆறே வருஷம்.

அதனால நான் கேட்பது நாலு விஷயம்.

ஒண்ணு: உங்க பக்கத்து இல்லத்தில் இந்த வருஷம் படிவம் 5 முடிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்னு கேளுங்க. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பிள்ளையோட ரூம் டெபாசிட்டை ஏத்துக்கிட்டா ஆளுக்கு 175 வெள்ளிதான்.

ரெண்டு: பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தா தள்ளிப் போடாதீங்க. டிரா மலேசியா அமைப்பு பல வருஷமா இந்த வேலையைச் செய்யுது. இல்லத்துப் பொறுப்பாளரோட கூடவே தேசியப் பதிவுத் துறைக்குப் போய் வரிசையில் நிற்க ஓர் ஆள் கிடைச்சாலே பெரிய உதவி.

மூணு: படிப்பு ஏறலைன்னு பிள்ளையைக் கை கழுவாதீங்க. 2011-இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் நம்ம இளைஞர்களுக்குக் கைத்தொழில் கத்துக் கொடுக்குது. விசாரிங்க.

நாலு: கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் பதிவு செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். கோபப்படுவார்கள். பரவாயில்லை. நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளை நமக்கு நன்றி சொல்லும்.

அந்தத் தம்பி இப்போ எங்க குழுவில் ஓர் அண்ணனோட ஒயரிங் வேலைக்குப் போறான். ரூம் டெபாசிட்டை நாங்க ஏழு பேர் சேர்ந்து கட்டினோம். போன மாசம் அவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணி, "அக்கா, பனடோல் எத்தனை போடணும்?"னு கேட்டான். ரெண்டு போடு, சாப்பிட்டுட்டுப் போடுன்னு சொன்னேன்.

உங்க ஊர்ல இப்படி ஒரு பிள்ளை இருந்தா, உங்க நம்பரைக் கொடுங்க. ராத்திரி அடிச்சா எடுங்க.

முருகன் துணை.