பேரீச்சம்பழமும் ஈச்சம்பழமும்

ராத்திரி ஏழு மணிக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்தா திண்ணையில் மூணு தட்டு இருக்கும். ரெண்டு தட்டில் ராகிக் களியும் கீரை கடைஞ்சதும். அது எங்க அம்மாவுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும். மூணாவது தட்டில் ராத்திரி முழுக்க ஊறின நிலக்கடலை ஒரு கைப்பிடி, முளைகட்டின பச்சைப்பயறு, ரெண்டு தேங்காய்ச் சில்லு, வெள்ளரிப்பிஞ்சு, அப்புறம் பேரீச்சம்பழம் மூணு. நாலு இல்லீங்க, மூணு. அந்தத் தட்டு என்னோடது.

பழத்தை எண்ணி வைக்கிறது என் வீட்டுக்காரம்மா. விவசாயி வீட்டில் சாப்பாட்டை எண்ணி வைக்கிற பழக்கம் கிடையாது. எங்க வீட்டில் அது எப்படி வந்ததுன்னு இன்னைக்குச் சொல்றேன்.

எனக்கு வயசு அம்பத்தாறு. எங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. புதுச் செருப்பு கடிச்ச ஒரு சின்னப் புண், ஆறவே இல்லை. முதல்ல ஒரு விரலை எடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு முழங்காலுக்குக் கீழே எடுத்தாங்க. மூணு ஏக்கர் நிலத்தை ஒத்தை ஏர் வச்சு உழுத மனுசன், கடைசி ரெண்டு வருசம் கட்டிலில் உட்கார்ந்துகிட்டே நான் உழறதைப் பார்த்தார். அதனால எனக்குச் சர்க்கரைன்னா பயம். மூணு வருசத்துக்கு முன்னே பரிசோதனை பண்ணினப்போ மூணு மாசச் சராசரி 6.1ன்னு வந்தது. "இது இன்னும் நோய் இல்லை, ஆனா வாசல்ல வந்து நிக்குது"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

அந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருத்தர் என்னை ஒரு இயற்கை உணவு முகாமுக்குக் கூட்டிட்டுப் போனார். அடுப்பில் ஏத்தாத உணவு. தேங்காய், பழம், ஊறவைத்த கடலை, முளைகட்டின தானியம், காய்கறி. ஒரு நாள் முழுக்க அதுதான் கொடுத்தாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வயிறு லேசா இருந்தது. சரி, ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் இப்படி மாத்திக்கலாம்னு பங்குனி மாசம் ஆரம்பிச்சேன்.

முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். பகல் முழுக்கக் களை வெட்டிட்டு வந்தவனுக்கு முளைப்பயறு எந்த மூலைக்கு? அவல் ஊறவைச்சுச் சாப்பிட்டுப் பார்த்தேன். நெல்லை ஊறவைச்சு, சூடு காட்டி, அப்புறம்தான் இடிக்கிறாங்க. அப்போ அதுவும் தீயைப் பார்த்ததுதானேன்னு விட்டுட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் பசி வந்து, திருடன் மாதிரி களிப் பானையைத் துழாவினேன்.

அந்த நேரத்தில் கைகொடுத்தது பேரீச்சம்பழம். ஒரு பழத்தைப் பிளந்து, கொட்டையை எடுத்துட்டு, அந்த இடத்தில் ரெண்டு ஊறின கடலையும் ஒரு தேங்காய்த் துண்டும் வச்சு மென்னு பாருங்க. கடலை மிட்டாயே தோத்துடும். இனிப்பு, கொழுப்பு, மெல்லறதுக்குக் கெட்டி எல்லாம் அதில் இருக்கு. அஞ்சு பழத்தில் பசி அடங்கும்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1912ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தப்போ காந்தியும் அவர் நண்பர் காலன்பாக்கும் சமையலை விட்டுட்டுப் பழ உணவில் இருந்தாங்க. பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கார். படிச்சதும் எனக்குப் பெருமை தாங்கலை. ஆலிவ் எண்ணெய் ஒண்ணைத் தவிர என் தட்டும் அதுதானே!

அஞ்சு பழம் பத்தாச்சு. பத்து பதினஞ்சாச்சு. மும்முனைக் கரண்டு ராத்திரியில் வர்ற நாளில் தண்ணி மாத்தப் போகும்போது சட்டைப் பையிலும் பழம் இருக்கும். மடை திருப்பிட்டு ஒண்ணு, வரப்பில் உட்கார்ந்து ஒண்ணு. அரை கிலோ பாக்கெட் நாலு நாள் வரலை. "ஏங்க, இவ்வளவு இனிப்பு ஆகுமா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. "இது சர்க்கரை இல்லம்மா, பழம். தீயில வைக்காதது. ஒண்ணும் பண்ணாது"ன்னு சொன்னேன். முகாமில் பேசினவர் பசிக்கு வேண்டிய அளவுன்னுதான் சொன்னார். என் காதில் அது எவ்வளவு வேணும்னாலும்னு விழுந்திருக்கு.

நாலு கிலோ எடை குறைஞ்சது. மத்தியானம் தூக்கம் வர்றதில்லை. சும்மா இருக்க முடியுமா? டீக்கடையில், கடலை மண்டியில், கல்யாண வீட்டில் எல்லார்கிட்டேயும் சொன்னேன். எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்டேயும் சொன்னேன். மாமாவுக்குப் பத்து வருசமாச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கார்.

ஆனி மாசம் ஒரு நாள் காலையில் அக்கா போன் பண்ணிச்சு. "ஏண்டா தம்பி, நீ சொன்னேன்னுதாண்டா தின்னாரு. மாத்திரையையும் விட்டுட்டாரு. நேத்து ராத்திரி மயங்கி விழுந்துட்டாரு. சர்க்கரை நானூறுக்கு மேலே போயிடுச்சாம்."

மாத்திரையை விடுங்கன்னு நான் சொல்லலை. ஆனா, "இது இயற்கை, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொன்னது நான்தான். அதைக் கேட்டவர் அடுத்த படியைத் தானே ஏறிட்டார். நல்லவேளை, மூணு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து எழுந்து வந்துட்டார். அந்த மூணு நாளும் நான் தூங்கலை.

அதே வாரம் நானும் போய் ரத்தம் கொடுத்தேன். 6.8. வாசலில் நின்னது உள்ளே வந்து உட்கார்ந்துடுச்சு.

டாக்டரம்மா திட்டலை. "தீயில வைக்கலைன்னா சர்க்கரை சர்க்கரை இல்லாமப் போயிடுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. காய்ஞ்ச பேரீச்சம்பழம் 100 கிராமில் 65 கிராம் அளவுக்குச் சர்க்கரைதான். சாதாரணப் பழம் ஒண்ணு 8 கிராம்னா, பதினஞ்சு பழம் 120 கிராம். அதில் மூணில் ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவா, 78 கிராம் சர்க்கரை. நார்ச்சத்து இருக்கு, பொட்டாசியம் இருக்கு, அதனால வெள்ளைச் சர்க்கரையை விட நல்லதுதான். ஆனா அதெல்லாம் ரெண்டு மூணு பழம் சாப்பிடறவங்களுக்கு. பதினஞ்சு சாப்பிட்டா நார் எவ்வளவுதான் பிடிச்சு நிறுத்தும்?

எனக்கு அவமானமா இருந்தது. பன்னிரண்டாவது வரை படிச்சவன், வரப்பு அளந்து உரம் போடறவன், வாயில் போடறதை அளக்கலை.

மாமாவைப் பார்க்க அக்கா ஊருக்கு வண்டியில் போனேன். வழியில் ஓடைக்கரையில் ஈச்ச மரங்கள் இருக்கு. குலை குலையா ஆரஞ்சு நிறத்தில் தொங்கிச்சு. வண்டியை நிறுத்திட்டு இறங்கினேன். நாற்பது வருசத்துக்கு அப்புறம்.

சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டா நாங்க நேரா அங்கேதான். ஈச்ச மட்டையின் அடிப்பக்கம் முழுக்க ஊசி மாதிரி முள்ளு. குலையை வெட்டி எடுக்கறதுக்குள்ளே கையில் பத்துக் கீறல் விழும். காயா இருந்தா உப்புத் தண்ணி தெளிச்சுச் சாக்கில் சுத்தி வச்சுட்டு, மறுநாள் போய்ப் பார்க்கணும். பழுத்தது எல்லாம் கருஞ்சிவப்பா இருக்கும். அதிலும் சதை எங்கே இருக்கு? பழத்தில் பெரும்பகுதி கொட்டைதான். மேலே ஒரு தோல் மாதிரி இனிப்பு. அதையும் நாலு பேர் பங்கு போடணும். ஒரு சாயங்காலம் முழுக்கத் தின்னாலும் வயிறு நிறையாது, நாக்குதான் துவர்க்கும். ஆடி முடிஞ்சா அதுவும் இல்லை. அப்புறம் ஒரு வருசம் காத்திருக்கணும்.

அன்னைக்கும் அப்படித்தான் ஆச்சு. அரை மணி நேரம் நின்னு ஒரு கைப்பிடி தேத்தினேன். புறங்கையில் ரெண்டு கீறல். வண்டியில் சாய்ஞ்சுகிட்டு ஒண்ணொண்ணா வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினேன். அப்போதான் உறைச்சது.

ஈச்சம்பழமும் பேரீச்சம்பழமும் ஒரே குடும்பம். ரெண்டும் பச்சையாத் தின்கிறதுதான். ஆனா ஈச்ச மரம் பழத்தோடு அளவையும் சேர்த்துக் கொடுக்குது. முள்ளு ஒரு அளவு. கொட்டை ஒரு அளவு. பங்குக்கு நிக்கிற பசங்க ஒரு அளவு. பருவம் ஒரு அளவு. நான் வாங்கின பாக்கெட்டில் முள்ளும் இல்லை, கொட்டையும் இல்லை, பருவமும் இல்லை. கடல் தாண்டி வந்த பழம், பன்னிரண்டு மாசமும் கடையில் கிடைக்குது. சில பாக்கெட்டில் குளுக்கோஸ் சிரப் வேற சேர்த்திருக்காங்க, திருப்பிப் பார்த்தா பின்னாடி பொடி எழுத்தில் இருக்கும். அடுப்பில் வைக்காத பழம்தான், நிஜம். ஆனா அதைப் பழமா இருக்க வச்ச எல்லாத்தையும் கழட்டிட்டு வந்திருக்கு. அப்போ அந்த அளவை நாமதான் போட்டுக்கணும்.

பேரீச்சையும் லேசில் கிடைக்கிற பழம் இல்லீங்க. எங்க தர்மபுரி ஜில்லாவில் அரியாகுளம் பக்கம் தோட்டம் போட்டிருக்காங்க. பர்ஹின்னு ஒரு ரகம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் பூவின் மகரந்தத்தை ஆள் வச்சுப் பெண் பாளையில் சேர்க்கணும். காத்தை நம்பி விட்டா காய்ப்பு சரியா வராது. பழம் முத்தற நேரத்தில் மழை பிடிச்சா வீணாப் போகும். ஜூன், ஜூலையில் மஞ்சளாக் கொத்தோட வெட்டி விற்பாங்க. கடிச்சா ஆப்பிள் மாதிரி நறுக்குனு இருக்கும். அதில் பாதிக்கு மேல தண்ணி. அதனால நாலைஞ்சு தின்னதுமே வாய் போதும்னு சொல்லிடும். தண்ணி வத்தி, சுருங்கி, இனிப்பு மட்டும் இறுகி வர்றதுதான் நாம பாக்கெட்டில் வாங்கறது. ஒரு வாயில் ரெண்டு பழத்தின் இனிப்பு இருக்குன்னு நாக்குக்குத் தெரியாது.

எங்க கடலை மண்டியில் ஒரு பாய் இருக்கார். ரம்ஜான் மாசத்தில் ஒரு நாள் சாயங்காலம் கடலை போட்டுட்டுக் காசுக்காக உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காத மனுசன், பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து மெதுவா மென்னார். அப்புறம் ரெண்டு. எனக்கும் மூணு கொடுத்தார். தண்ணி குடிச்சுட்டு டப்பாவை மூடிட்டார். பதிமூணு மணி நேரப் பசியில் மூணு பழத்தோடு நிறுத்த முடியுது! நான் மத்தியானம் களி தின்ன வயித்தோடு பதினஞ்சு தின்னிருக்கேன்.

காந்தி விசயமும் பாதிதான் சொன்னேன். 1929ல் அவர் மறுபடியும் சமைக்காத உணவைச் சோதிச்சுப் பார்த்தார். வயிறு கெட்டுப்போய்ச் சில மாசத்தில் நிறுத்த வேண்டியதாச்சு. ஆரம்பிச்சதை ஊருக்குச் சொன்ன மாதிரி, நிறுத்தினதையும் பத்திரிகையில் எழுதினார். ஆரம்பிச்சதை ஊரெல்லாம் சொன்ன நான் என் தப்பை மட்டும் மறைச்சா நல்லா இருக்காதுன்னுதான் இதை எழுதறேன்.

பச்சை உணவை நான் விடலை. ராத்திரி மட்டும் இப்பவும் அதுதான். கடலையும் பயறும் முன்னே நிக்குது, பழம் பின்னே வருது. பேரீச்சம்பழம் மூணு, அதுவும் கொட்டையோட இருக்கறதுதான் வாங்கறோம். கொட்டையைத் துப்பற நேரத்தில் மனசு எண்ணிக்குது. தனியா வாயில் போடறதில்லை, கடலையோட சேர்த்து மென்னு திங்கறேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரை ஒண்ணையும் காலையில் தவறாமப் போடறேன். போன மாசம் 6.2. உங்களில் யாராவது சர்க்கரைக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்தில் இருந்தா, என்னைப் பார்த்து ஆரம்பிச்சுடாதீங்க. உங்க டாக்டரைக் கேட்டு ஆரம்பிங்க.

மாமா போன பொங்கலுக்கு வந்திருந்தார். அம்மா சர்க்கரைப் பொங்கலை எல்லார் இலையிலும் வச்சாங்க. அவர் இலையில் ஒரே ஒரு ஸ்பூன், என் இலையிலும் ஒரே ஒரு ஸ்பூன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஏன் மாப்ளே, இதுவும் இயற்கைதானே?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாச்சு.

ஓடைக்கரையில் நான் துப்பின கொட்டைகளில் நாலைப் பொறுக்கிட்டு வந்து கிணத்து மேட்டில் ஊன்றி வச்சேன். ஒண்ணு முளைச்சிருக்கு. இப்போ ஒரு முழம் உயரம். முள்ளு இப்பவே குத்துது.