கொர்ர் சத்தம்

ஓய்வு பெற்றபின் எனக்கிருந்த ஒரே சுகம் காலை ரேடியோ. கலசப்பாக்கத்தில் சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில் நன்றாகவே எடுக்கும். சில வருடங்களுக்கு முன் திடீரென்று ஒரே கொர்ர் சத்தம். செய்தி ஒரு வரிகூடக் காதில் விழவில்லை.

சந்தேகம் முழுக்கப் பக்கத்து வீட்டு மாவு மெஷின் மேல்தான். "மெஷின் ஓடாதப்பவும் சத்தம் வருதே வாத்தியாரே?" என்றார் அவர். நான் விடவில்லை. அலைவரிசை இடையூறுகளைக் கவனிக்கும் மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு, அவர் பெயரையும் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன். எங்களுக்குள் பேச்சு நின்றது. முப்பது வருடப் பழக்கம்!

ஒரு நாள் போன் வந்தது. அதிகாரி நிதானமாகச் சொன்னார்: "சார், ரேடியோவை பேட்டரியில் போட்டுவிட்டு, முதலில் உங்கள் வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள்."

அணைத்தேன். சத்தம் நின்றது! ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில், வராந்தாவில் நான் மாட்டிய மலிவு எல்.இ.டி. பல்புதான் குற்றவாளி. அதற்குள்ளிருக்கும் சிறு சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். அந்த இரைச்சல் மீடியம் வேவில் ஏறிக்கொள்ளும். எஃப்.எம்.மில் அவ்வளவாகத் தெரியாது.

புகாரை வாபஸ் வாங்க ஒரு கடிதம் போதுமாயிருந்தது. பக்கத்து வீட்டுப் படியேறத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

"உக்காருங்க வாத்தியாரே, டீ சாப்பிடலாம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.