மேசைக்கு அடியில் ஒரு குண்டு

திகில் படங்களின் மன்னர் என்று போற்றப்பெறும் ஆல்பிரட் ஹிட்ச்காக்கை, 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் டிரூஃபோ ஹாலிவுட்டில் நாள்கணக்கில் பேட்டி கண்டார். பின்னர் நூலாக வந்த அந்த உரையாடலை நம் கல்லூரி நூலகத்தில் படித்தேன்.

இருவர் மேசையருகே அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடித்தால் நமக்கு 15 விநாடி அதிர்ச்சி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முன்பே நமக்குக் காட்டிவிட்டால்? அந்த வெறும் பேச்சே 15 நிமிடம் நம்மை வதைக்கும் என்கிறார். தம் தவற்றையும் அவர் மறைக்கவில்லை. 1936-இல் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில், குண்டென்று அறியாமல் அதைச் சுமந்துபோகும் சிறுவனைப் பேருந்தோடு சாகடித்தது பெரும்பிழை என்கிறார். பதற வைத்ததும் போதாதென்று பிள்ளையையும் கொல்வதா என மக்கள் வெகுண்டார்களாம். வெகுளாமல் என்ன செய்வார்கள்!

படித்தபோது சென்ற ஆண்டுப் பொங்கல் நினைவுக்கு வந்தது. அப்பாவின் நோய் இன்னதென்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மா, "அப்பாவுக்கு இந்தத் தடவை எட்டு முழ வேட்டியா எடுத்துடு" என்றாள். வெறும் பேச்சுதான். அப்பா சிரித்தார். கொட்டகையில் இருப்பவனாவது கூச்சல் போடலாம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு, கிணற்றடியில் அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு முன்னமே தெரியும்டா. உனக்குத் தெரிய வேணாம்னுதான் இருந்தேன்" என்றாள்.