இரண்டடிப் படகும் ஒன்பது மடங்குக் கடலும்

ஒலுவில் மீன்பிடித் துறைமுக வளவில் 18 அடி ஃபைபர் படகு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நிழலில், அதே வடிவத்தில், அதே நீல நிறத்தில், 2 அடி நீளத்தில் இன்னொரு படகு காய்ந்துகொண்டிருந்தது. பெரியதைப் பழுதுபார்ப்பவரும் சின்னதைச் செய்தவரும் ஒருவரே. அச்சுக்கு மெழுகு பூசி, ஃபைபர் பாயை விரித்து, ரெசின் தடவி இறுகவிடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். சின்னது மட்டும் மீன்பிடிக்கப் போகாது. கமெராவுக்கு முன்னால் போகும்.

அதைச் செய்யச் சொன்னவர் கல்முனையில் கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் இளைஞர். 2004 டிசம்பர் 26ஐப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஒரு சிறு நாடகம் எடுப்பது அவருடைய திட்டம். இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான். இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்களில் ஆளை இழக்காத தெரு குறைவு. இந்த இளைஞர் அதன் பிறகு பிறந்தவர். உம்மா சொல்லக் கேட்டதுதான் அவருடைய சுனாமி.

கணினியிலேயே அலையை உருவாக்கலாம். ஆனால் நம்பும்படியான தண்ணீரைக் கணினியில் செய்ய வலுவான இயந்திரங்களும் நீண்ட நேரமும் வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு மேசைக் கணினி. ஆகவே கரையில் குழி தோண்டி, தறப்பாள் விரித்து, நீர் நிரப்பி, மேலே ஏற்றிவைத்த பீப்பாயிலிருந்து சரிவுப் பலகை வழியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படம் பிடிக்கிறார். பெரிய ஸ்டூடியோக்கள் செய்ததும் இதைத்தான், இன்னும் பெரிய தொட்டிகளில்.

ஏன் 2 அடி? அசலில் ஒன்பதில் ஒரு பங்கு என்பதால். ஒன்பதின் வர்க்கமூலம் 3. சிறிய பொருள் விழவும் ஆடவும் எடுக்கும் நேரம் குறைவு. சின்னப் படகு அசலைவிட மூன்று மடங்கு வேகமாகத் தத்தளிக்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் இது விளையாட்டுப் பொருள் என்று கண் கண்டுபிடித்துவிடும். இலங்கைத் தொலைக்காட்சியில் செக்கனுக்கு 25 சட்டகங்கள். கமெராவை 75 சட்டகத்தில் ஓடவிட்டு 25இல் காட்டினால், படகு தன் உண்மையான பாரத்தோடு அசையும். மாதிரி 25இல் ஒரு பங்கானால் 125 சட்டகம் வேண்டும்.

இந்தக் கணக்கு சினிமாக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து வகுத்த விதி இது. துறைமுகம் கட்டுமுன் அலைதடுப்புச் சுவரைச் சிறிதாக அமைத்துச் சோதிக்கும் பொறியியலாளர்களும் இதையே நம்பியிருக்கிறார்கள். கடலில் 10 செக்கனுக்கு ஒருமுறை வரும் அலை, ஒன்பதில் ஒரு பங்கு மாதிரியில் மூன்றேகால் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வரும். ஒலுவில்காரர்களுக்கு அலைக்கணக்கின் கனம் தெரியும். டென்மார்க் கடனுதவியோடு கட்டி 2013இல் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடக்கே ஊர்க்கரையைக் கடல் அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் கொண்டுபோனது.

வேகத்தைச் சரிசெய்தாலும் துளி அடங்காது. படகைச் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. சின்னப் படகில் தெறிக்கும் துளி, திரையில் எலுமிச்சை அளவுக்குத் தெரியும். கூடியவரை பெரிய மாதிரி செய்வது ஒரு வழி. தெறிப்பையும் நுரையையும் கறுப்புத் துணிக்கு முன்னால் தனியாகப் பிடித்து, தொகுக்கும்போது மேலே சேர்ப்பது இன்னொரு வழி. கமெராவின் உயரமும் முக்கியம். மனிதக் கண் ஐந்தேகால் அடியில் இருந்தால், இங்கே லென்ஸ் ஏழு அங்குலத்தில் இருக்க வேண்டும். மணலில் வயிறுபடப் படுத்துத்தான் அவர் கமெராவைப் பிடித்தார். படகின் முனையும் பின்புறமும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய லென்ஸின் துளையை எஃப் 4இலிருந்து எஃப் 16க்குச் சுருக்கினால், ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கொளுத்தும் வெயில்தான் இந்தத் தொழிலின் மின்விளக்கு.

தமிழ் ரசிகர்களுக்கு மாதிரிகள் புதியவை அல்ல. கே. வி. ரெட்டி இயக்கி 1957இல் வெளிவந்த மாயாபஜாரில் துவாரகை நகரம் 50க்கு 60 அடி இடத்தில் ஏறத்தாழ 300 சிறு வீடுகளோடு அமைக்கப்பட்டது. ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. தொலைக்காட்சியில் 1964இல் தொடங்கிய பிரித்தானியத் தொடரான ஸ்டிங்ரேயில் டெரெக் மெடிங்ஸின் குழு கமெராவுக்கும் பொம்மை நீர்மூழ்கிக்கும் நடுவே மீன்கள் நீந்தும் ஒடுங்கிய கண்ணாடித் தொட்டியை வைத்து, ஆழ்கடலில் எடுத்ததுபோல் காட்டியது. கணினி வரைகலை உச்சத்தில் இருந்த 2019இலும் மாண்டலோரியன் தொடருக்கு ஒரு விண்கலத்தை மாதிரியாகச் செய்து படம் பிடித்தார்கள். ஒளி பட்ட பொருளுக்கு இருக்கும் உறுதியை அவர்கள் விடத் தயாரில்லை. சுனாமியைக் காட்டிய 2012ஆம் ஆண்டு ஸ்பானியப் படமான தி இம்பாசிபிளும் தொட்டியில் நிஜத் தண்ணீரை மெதுவோட்டத்தில் எடுத்து, மாதிரிக் கட்டடங்களை அடித்துச் செல்லவிட்டது.

முதற் சோதனைக் காட்சியை மடிக்கணினியில் பார்த்த படகுக்காரர் தலையை ஆட்டினார்.

"இப்பிடி மடிஞ்சி வரல்ல தம்பி. கடல் எழும்பி நடந்து வந்திச்சி. நீலமும் இல்ல, கறுப்பு."

அந்த இரண்டு திருத்தங்களும் மிகச் சரி. சுனாமி கரையில் சுருண்டு உடையும் அலையல்ல. பின்னால் மைல் கணக்கில் தண்ணீர் தள்ள, மட்டம் உயர்ந்து உள்ளே ஏறும் வெள்ளம். அடிச்சேற்றை வாரிக்கொண்டு வந்ததால் கறுத்தது. நிறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது கிழக்குக் கரை. கடல் வந்தது காலையில். சூரியன் அலைக்குப் பின்னால் நின்றது. கரையில் நின்றவர் பார்த்தது அலையின் நிழல் விழுந்த முகத்தை. தி இம்பாசிபிள் காட்டிய தாய்லாந்துக் கரை மேற்கைப் பார்த்தது. அங்கே காலை வெயில் அலையின் முகத்தில் அடித்தது. அந்த ஒளியை இங்கே இரவல் வாங்கினால் அம்பாறைக்காரர் நம்ப மாட்டார்.

இளைஞர் பீப்பாய் நீரில் சேறு கரைத்தார். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் அகன்ற வாயால் மெல்லத் திறந்தார். குழியின் திசையை மாற்றி, வெயில் அலைக்குப் பின்னாலிருந்து விழச் செய்தார்.

மீதி வேலை கணினியில். பச்சைத் திரையைப் படகுக்குப் பின்னால் கட்டினால் அந்தப் பச்சை நீரில் பிரதிபலித்து ஒட்டிக்கொள்ளும். அதனால் படகின் விளிம்பைச் சட்டகம் சட்டகமாகக் கையால் வரைந்து பிரிக்கிறார். பிறகு அதே உயரத்தில், அதே வெயிலில் எடுத்த நிஜக் கரையின் மேல் வைக்கிறார். நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். தூரத்துப் பொருளுக்கு வெளிறிய நீலம் ஏற வேண்டும், ஏனெனில் இரண்டடித் தூரத்தில் காற்றுக்குப் புகார் கிடையாது. சில செக்கன் காட்சிக்குப் பல இரவுகள் போகின்றன.

இந்தக் கரையில் ஃபைபர் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. வீடியோ தொகுக்கத் தெரிந்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அலை எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வயதாகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள் இப்போது பல்கலைக்கழகம் போகும் வயதை எட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகமும் தொலைக்காட்சி நிலையங்களும் சேர்ந்து ஒரு தொட்டியும், வேகமாக ஓடும் ஒரு கமெராவும், ஒரு சிறு பட்டறையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். கண்டவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் சரி என்று சொல்லும்வரை அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். இதைத் தொடங்க இன்னொரு பத்து ஆண்டு காத்திருக்கக் கூடாது.