முதல் தளம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரை ஒட்டிய பீஸ்டன். ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மரக் கொட்டகை. வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரோரம் பழைய லேத் ஒன்று: மைஃபோர்டு எம்.எல்.7. 1946-ல் வெளிவந்த இந்த வகை, இதே ஊர்த் தொழிற்சாலையில் பிறந்தது. 1898-ல் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் ‘மாடல் இன்ஜினியர்’ இதழைத் தொடங்கிய காலம் முதல், இத்தகைய கொட்டகைகளில் எத்தனையோ பேர் வேலை முடிந்து வந்து, நிஜமாகவே ஓடும் சின்ன நீராவி இன்ஜின்களைச் செய்து வருகிறார்கள்.

இன்று தொடங்குகிறவர் ஐம்பதை நெருங்கும் பெண். மேசைமேல் ஸ்டூவர்ட் 10வி என்ற செங்குத்து இன்ஜினுக்கான வார்ப்புகள். சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் முக்கால் அங்குலம்தான். இப்போதைக்கு எல்லாமே சொரசொரப்பான இரும்புத் துண்டுகள். எஃகு ஸ்கேலை எங்கே வைத்தாலும் ஆடுகிறது. வரைபடம் நிறைய அளவுகள். எங்கிருந்து அளப்பது என்பதற்கு இரும்பில் இடமில்லை.

அடித்தட்டை எடுக்கிறார். விளிம்பில் துருத்தும் பிசிறை அரத்தால் ராவுகிறார். லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் நான்கு தாடைச் சக்கில் பொருத்துகிறார். இதில் தாடைகள் தனித்தனியே நகரும். அதனால் கோணல் வார்ப்பையும் பிடிக்கும். ஒரு தாடையைத் தளர்த்தி, எதிர்த் தாடையை முடுக்கி, கையால் சுற்றிப் பார்க்கிறார். மறுபடியும் அதே. அவசரம் எங்கும் தெரியவில்லை.

டூலின் முனை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று முன்பே பார்த்தாயிற்று. சக்கில் உருண்டைக் கம்பி ஒன்றைப் பிடித்து, அதற்கும் டூல் முனைக்கும் நடுவே ஸ்கேலை மெல்லச் சிக்க வைத்தார். செங்குத்தாக நின்றது. முனை தாழ்ந்திருந்தால் ஸ்கேலின் தலை இவர் பக்கம் சாய்ந்திருக்கும். உயர்ந்திருந்தால் அந்தப் பக்கம்.

சுவிட்சுக்குக் கை போகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர், ஒரே சொல் சொல்கிறார்.

“சாவி?”

அந்தப் பெண் சக்கில் நின்ற சாவியை உருவிப் பலகையில் வைக்கிறார். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றுகிறார். கண்ணாடியை மாட்டுகிறார். லேத் சுழல்கிறது. தட்டின் நான்கு மூலைகளும் கண்ணுக்குத் தெரியாமல் மறைகின்றன; ஆபத்து அந்த மறைவில்தான். பெரியவர் ஓரடி தள்ளி நிற்கிறார்.

டக், டக், டக். விளிம்பு டூலில் மோதும் ஓசை. வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினமானது, மணல் ஒட்டியது. மேலோட்டமாகச் சுரண்டினால் டூல்தான் மழுங்கும். எனவே முதல் வெட்டிலேயே தோலுக்கு அடியில் இறங்குகிறார். எண்ணெய் விடவில்லை. எஃகைப் போல் சுருள் வராமல், கருந்தூளாக உதிர்கிறது.

லேத் நிற்கிறது. ஒரு மூலையில் மட்டும் பழைய தோல் கறுப்பாக மிச்சம். இன்னொரு வெட்டு. இப்போது முகம் முழுதும் ஒரே வெள்ளிச் சாம்பல். ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். குறுக்காக ஒருமுறை, மூலைக்கு மூலை ஒருமுறை. இடுக்கில் வெளிச்சம் கசியவில்லை. பெரியவரும் வாங்கிப் பார்த்துத் தலையசைக்கிறார்.

இந்த முகத்துக்கு இணையாகத்தான் தட்டின் மேல்பக்கம் அமைய வேண்டும். அதன்மேல் தூண், தூணின்மேல் சிலிண்டர். கிராங்க் தண்டுக்குப் பிஸ்டன் செங்குத்தாக ஓடாவிட்டால் இன்ஜின் இறுகும். இங்கே விழும் கோணல் உச்சிவரை ஏறும்.

இன்ஜின் ஓட மாதங்கள் ஆகலாம். வீட்டில் பட்டறை போட ஆசைப்படுகிறவர், இருக்கும் லேத்தில் இப்படி ஒரு முகத்தை நேராக்கினால் போதும்; மற்ற அளவுகளையெல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.