எல்லாமே நடந்து போகிற தூரம்

எம்.ஏ. வரலாறு படிக்கத் தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பியபோது, பட்டணத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டிய ஊர்க்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "திருவல்லிக்கேணில ரூம் எடுலே. எங்க போகணும்னாலும் கால் போதும்."

அவர் சொன்னது சரிதான். படிப்பு, சாப்பாடு, கோயில், மசூதி, கடல், கிரிக்கெட் என ஒரு மனிதனுக்கு வேண்டிய எல்லாமே இங்கே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. காசு மட்டும்தான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதைத் தேடிப் போகும்போதுதான் வேடிக்கையெல்லாம் நடக்கும்.

முதலில் மேன்சன். குறுகிய சந்துக்குள் மூன்று மாடி, ஓர் அறைக்கு நான்கு கட்டில், ஆளுக்கு இரண்டு ஆணி. ஒன்று சட்டைக்கு, ஒன்று துண்டுக்கு. என் அறையில் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர் ஒருவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், தயாரிப்பாளரிடம் கதை சொல்லிவிட்டு வருவதாகத் தினமும் காலையில் கிளம்பும் உதவி இயக்குநர் ஒருவர். விடியற்காலை ஐந்தரைக்கு வாளி வரிசையில் நிற்கும்போது இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. சோப்பு நுரையோடு தண்ணீர் நின்றுபோனால் எல்லோரும் ஒரே சாதி.

பல்கலைக்கழகத்துக்குப் பெல்ஸ் ரோடு வழியாகப் பதினைந்து நிமிட நடை. 1857-இல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு பிறந்தது சென்னைப் பல்கலைக்கழகம். சிஷோம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடித்த செனட் ஹவுஸ், கடலைப் பார்த்தபடி இன்னும் கம்பீரமாக நிற்கிறது. எதிரே மெரினா. வகுப்பில் பாடம் இழுத்துக்கொண்டே போனால் கடற்காற்றே நோட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடும்.

அல்லி பூத்த கேணி இருந்ததால் திருவல்லிக்கேணி. 108 திவ்விய தேசங்களில் ஒன்றான பார்த்தசாரதி கோயிலில் மூலவர் மீசையோடு நிற்கிறார். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இங்கே உண்டு. அதைப் பார்க்கப் பேராசிரியர் எங்களை ஒரு நாள் அழைத்துப் போனார். கல்வெட்டைப் பார்க்கப் போன பதினொரு பேரும் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு திரும்பினோம். தந்திவர்மனைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, முந்திரி யாருக்கு அதிகம் என்பதைப் பற்றித்தான் பேச்சு. இதே கோயில் யானை தள்ளிவிட்ட பாரதி, 1921-இல் மறையும்வரை குடியிருந்த வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் நினைவில்லமாக இருக்கிறது.

இங்கே வாழ்ந்தவர்களில் எனக்கு நெருக்கமானவர் கணித மேதை ராமானுஜன். 1912-இல் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கொடுக்க, அனுமந்தராயன் கோயில் தெருவுக்குக் குடிவந்தார். கணிதத்தில் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் உதவித்தொகையை எண்ணி நாளை ஓட்டும் கணக்கு எனக்கும் அத்துபடி.

அந்தக் கணக்குப்படி மாதத்தின் முதல் வாரம் ரத்னா கபே. 1948-இல் தொடங்கிய கடை. வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பம் ஆரம்பித்தது என்றால் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் நம்ப மாட்டார்கள். இட்லி சாம்பாரில் மூழ்கிக் கிடக்கும், வற்ற வற்ற ஊற்றுவார்கள். இரண்டாம் வாரம் டோக்கன் மெஸ். மூன்றாம் வாரம் பாரதி சாலை நடைபாதைக் கடையில் பழைய பாடப்புத்தகத்தை விற்பது. ரமலான் வந்தால் கவலை குறையும். 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய மசூதியில் மாலை நோன்புக் கஞ்சி. அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பரிமாறும் தொண்டர்களில் சிந்தி இந்துக்களும் உண்டு. ஊரின் குணத்தைச் சொல்ல இதற்குமேல் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

நான்காம் வாரம் வேலைக்குப் போக வேண்டும். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலை மாணவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். முதல் நாள் வேளச்சேரி மண்டபத்தில் பாயசத்தை அப்பளத்துக்கு முன்னால் ஊற்றிவிட்டேன். "தம்பி, ஹிஸ்டரியாமே? வரிசை தெரிய வேணாமா?" என்றார் பந்தி மேஸ்திரி. ராத்திரி பறக்கும் ரயிலில் ஏறி, மடியில் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு கண்ணயர்ந்தேன். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் எல்லாம் போய், கடைசி நிறுத்தமான கடற்கரையில் யாரோ தட்டி எழுப்பினார்கள். திரும்ப ரயில் இல்லை. கோட்டையைத் தாண்டி, 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டப்பட்ட நேப்பியர் பாலத்தில் ஏறியபோது பொட்டலம் பாதியாகியிருந்தது. கூவத்தின் வாடை முகத்தில் அடித்ததும் அப்பாடா, வீடு வந்துவிட்டது என்று தோன்றியது. அந்த வாடையை முகர்ந்து நிம்மதியானவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதைவிடப் பெரிய சாகசம் சேப்பாக்கம் மைதானத்தில் நடந்தது. ஐபிஎல் ஆட்டத்தன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆள் எடுத்தார்கள். டிக்கெட் இல்லாமல் ஆட்டம் பார்க்கலாம், சம்பளமும் பிரியாணியும் வேறு என்று துள்ளிக்கொண்டு போனேன். மேலாடையை மாட்டிவிட்டு மேற்பார்வையாளர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "மூஞ்சி எப்பவும் ஜனங்க பக்கம் இருக்கணும். கிரவுண்டப் பாத்தா பேட்டா கட்."

நான்கு மணி நேரம் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஆனால் ஆட்டம் எதிரே இருந்த முகங்களிலேயே ஓடியது. எல்லாத் தலையும் அண்ணாந்து அப்படியே பின்னால் சாய்ந்தால் சிக்ஸர். அண்ணாந்த தலையில் கை போனால் கேட்ச். ஒன்றும் நடக்காவிட்டால் பாப்கார்ன். கடைசி ஓவரில் மஞ்சள் சட்டை போட்ட பாட்டி ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மைதானத்தில் அந்த ஓவரைப் பார்க்காதவர்கள் அவரும் நானும்தான்.

ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அலைமோத, நான் பிரியாணிப் பொட்டலத்தோடு பத்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிட்டேன். மூவரும் கைபேசியில் பார்த்த களைப்பில் கிடந்தார்கள். "கடைசி ஓவர்ல என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டேன். வங்கித் தேர்வுக்காரர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டிலில் ஏறி, துடைப்பத்தை மட்டையாகப் பிடித்து, பந்து பந்தாக ஆடிக் காட்டினார். ஆறாவது பந்துக்கு நாங்கள் போட்ட கூச்சலில் கீழேயிருந்து மேனேஜர் படியேறி வருகிற சத்தம் கேட்டது.